சமன்பாட்டில் நிலைக்குறி தவறும் இடங்கள்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

வாய்பாடுகள் சரியாக இருக்கின்றன, இருபுறமும் அணுக்களின் எண்ணிக்கை ஒத்துப்போகிறது, ஆனாலும் விடைத்தாளில் பொருளின் நிலையைக் குறிக்கும் அடைப்புக்குறியைச் சுற்றி ஒரு சிவப்புச் சுழியும் அரை மதிப்பெண் குறைவும் காணப்படுகின்றன. வேலூரில் மாலை வேளைகளில் பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வேதியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, இந்தச் சுழியோடு வந்து நிற்கும் மாணவர்களைப் பார்ப்பது வாடிக்கையாகிவிட்டது. அவர்களுடைய பிழைகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்ததில், அவை புதிது புதிதாக வருவதில்லை என்பதும், பத்து வகைகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகின்றன என்பதும் தெரிந்தது. எனவே பாடத்தை முதலிலிருந்து நடத்தாமல், விடைத்தாளில் என்ன தெரிகிறதோ அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வகுப்பில் எஸ், எல், ஜி, ஏக்யூ என்று சொல்லும் நான்கு குறிகளையும் இங்கே திண்மம், நீர்மம், வாயு, நீர்க்கரைசல் என்று முழுச் சொல்லாகவே எழுதுகிறேன். தேர்வில் வழக்கமான குறியையே போட வேண்டும்.

பொருளின் பெயரைப் பார்த்தவுடன் நிலையை எழுதிவிடுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு மூலம். ஒரே பொருள் புட்டியில் ஒரு நிலையிலும், சோதனைக் குழாயில் வேறு நிலையிலும், அடுப்பின் மேல் மூன்றாவது நிலையிலும் இருக்கக்கூடும். ஆகவே அடைப்புக்குறியைத் திறக்கும் முன் வினாவின் வாக்கியத்தை மறுபடி படித்து, வினை நடக்கும் பாத்திரத்தில் நீர் இருக்கிறதா, இருந்தால் இந்தப் பொருளைக் கரைக்கப் போதுமான அளவில் இருக்கிறதா, பாத்திரம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பின்வரும் பிழைகள் அனைத்தும் இந்தக் கேள்விகளில் ஏதோ ஒன்றைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

அறிகுறி: நீருக்கே "நீர்க்கரைசல்" என்று எழுதப்பட்டிருக்கிறது

இதைத் திருத்துவது எளிது. நீர்க்கரைசல் என்றால் நீரில் கரைந்த பொருள்; நீர் தன்னிலேயே கரைய முடியாது. நடுநிலையாக்கல் வினையில் அமிலம், காரம், உப்பு ஆகிய மூன்றும் நீர்க்கரைசலாக இருப்பதால் கை தானாகவே நான்காவது இடத்திலும் அதையே எழுதிவிடுகிறது. அந்த இடத்தில் வர வேண்டியது நீர்மம். நீருக்குத் திண்மம், நீர்மம், வாயு ஆகிய மூன்றில் ஒன்றுதான் வரும். எந்த இடத்தில் வாயு என்பதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

அறிகுறி: அமிலத்துக்கு எழுதிய நிலையில் சுழி

ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரே வாய்பாட்டைக் கொண்டவை. முன்னது வாயு, பின்னது அந்த வாயுவின் நீர்க்கரைசல். வினாவில் "அமிலம்" என்ற சொல் இருந்தால் நீர்க்கரைசல் என்றும், "ஹைட்ரஜன் குளோரைடு வாயு" என்று இருந்தால் வாயு என்றும் எழுத வேண்டும். கடையில் கிடைக்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எடை அளவில் ஏறத்தாழ 37 விழுக்காடுதான் ஹைட்ரஜன் குளோரைடு, மீதி நீர். ஆகவே "அடர்" என்ற சொல்லைப் பார்த்து நீர்மம் என்று எழுதினால் தவறு. அடர் நைட்ரிக் அமிலத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர் இருக்கிறது.

கந்தக அமிலம் இந்த வழக்கத்திலிருந்து விலகி நிற்கிறது. அடர் கந்தக அமிலத்தில் 98 விழுக்காடு அமிலமே என்பதால், அது நீர்மம். சர்க்கரையைக் கரியாக்கும் சோதனையில் நீர்மம் என்றும், துத்தநாகத்தோடு நீர்த்த அமிலம் சேர்ந்து ஹைட்ரஜன் வெளிவரும் சோதனையில் நீர்க்கரைசல் என்றும் எழுத வேண்டும். அடர், நீர்த்த என்ற இரு சொற்களும் வினாவில் அலங்காரத்துக்காக வருவதில்லை.

அறிகுறி: "கரையும்" என்று விதி சொல்லியும் "நீர்க்கரைசல்" தவறாகிறது, அல்லது இதற்கு நேர்மாறு

இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கே மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒரே அறிகுறியாக வெளிப்படுகின்றன.

முதல் கோளாறு, கரைதிறன் விதியே மனத்தில் இல்லாதது. நைட்ரேட்டுகள் அனைத்தும் கரையும். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளும் பொதுவாகக் கரையும். குளோரைடுகளில் வெள்ளி, காரீயம், மெர்க்குரஸ் ஆகியவற்றின் உப்புகள் வீழ்படியும். சல்பேட்டுகளில் பேரியம், ஸ்ட்ரான்சியம், காரீயம் ஆகியவற்றின் உப்புகள் வீழ்படியும். கார்பனேட்டுகளும் பாஸ்பேட்டுகளும், கார உலோகங்களுடையதும் அம்மோனியத்துடையதும் தவிர, கரையா. ஹைட்ராக்சைடுகளில் கார உலோகங்களுடையதும் பேரியத்துடையதும் கரையும். மற்றவற்றில் பெரும்பாலானவை அடியில் தங்கும். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி மேசை முன் ஒட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது கோளாறு, புட்டியில் இருப்பதையும் வினையில் இருப்பதையும் குழப்பிக்கொள்வது. மயில்துத்தம் அலமாரியில் நீலப் படிகமாக இருப்பதால், இரும்பு ஆணியை அமிழ்த்தும் சோதனையில் அதைத் திண்மம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆணி அமிழ்வது கரைசலில் அல்லவா? சரியான வடிவம் இது:

இரும்பு (திண்மம்) + காப்பர் சல்பேட் (நீர்க்கரைசல்) → இரும்பு சல்பேட் (நீர்க்கரைசல்) + தாமிரம் (திண்மம்)

மூன்றாவது கோளாறு, கரைதிறனை "ஆம்" அல்லது "இல்லை" என்ற கேள்வியாக மட்டுமே பார்ப்பது. இதற்கு நீற்றிய சுண்ணாம்பைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. பொங்கலுக்கு முன் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்பை இரும்பு டிரம்மில் போட்டு நீர் ஊற்றியபோது, பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மாணவனிடம் விளைபொருளின் நிலை என்னவென்று கேட்டேன். "ஏக்யூ சார்" என்றான். அவ்வளவும் கரைந்துவிட்டதா என்றதற்கு, கொதித்துக் குழம்பிக்கொண்டிருந்த டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆனா புக்குலயே அப்படித்தானே போட்டிருக்கு?" என்றான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை, அதாவது கால்சியம் ஆக்சைடை, முழுவதும் நீற்றினால் ஏறத்தாழ 1,320 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகும், ஏனெனில் மோல் நிறை 56 என்பது 74 ஆகிறது. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரைவது சுமார் 1.7 கிராம் மட்டுமே. டிரம்மில் பத்து லிட்டர் நீர் இருந்தாலும் கரைந்திருப்பது 17 கிராம், அதாவது நூற்றுக்கு ஒன்றே கால் பங்கு. மீதி அனைத்தும் வெள்ளைக் குழம்பாக மிதந்துகொண்டிருக்கும் திண்மத் துகள்கள்தான். சூடான நீரில் இது இன்னும் குறைவாகவே கரையும் என்பது இதன் விசித்திர குணம். ஆகவே நீற்றும் வினையைத் திண்மம் என்று எழுதுவதே டிரம்முக்கு நேர்மையானது:

கால்சியம் ஆக்சைடு (திண்மம்) + நீர் (நீர்மம்) → கால்சியம் ஹைட்ராக்சைடு (திண்மம்)

பள்ளிப் பாடநூலில் நீர்க்கரைசல் என்று அச்சாகியிருந்தால், தேர்வில் பாடநூலைப் பின்பற்றுவதே பாதுகாப்பு; நுழைவுத் தேர்வுக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் உண்மை நிலையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மறுநாள் காலையில் அந்த டிரம்மைப் பார்த்தால் இரண்டு நிலைகளும் தனித்தனியாகத் தெரியும். அடியில் வெண்ணெய் போன்ற வண்டல் திண்மம்; அதன் மேல் நிற்கும் தெளிநீர் கால்சியம் ஹைட்ராக்சைடின் நீர்க்கரைசல்; ஆய்வகத்தில் சுண்ணாம்பு நீர் என்று பயன்படுத்துவது இதைத்தான். அந்தத் தெளிநீரின் மேல் பால் ஏடு போல மெல்லிய படலம் ஒன்று கட்டியிருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு தெளிநீரோடு சேர்ந்து உண்டாக்கிய கால்சியம் கார்பனேட் அது:

கால்சியம் ஹைட்ராக்சைடு (நீர்க்கரைசல்) + கார்பன் டை ஆக்சைடு (வாயு) → கால்சியம் கார்பனேட் (திண்மம்) + நீர் (நீர்மம்)

இந்தச் சமன்பாட்டில் கால்சியம் ஹைட்ராக்சைடு நீர்க்கரைசல். முந்தைய சமன்பாட்டில் திண்மம். இரண்டும் சரி, இரண்டும் ஒரே டிரம்மிலிருந்து வந்தவை.

நீர் போதாமல் திண்மமாக நின்றுவிடும் பொருளுக்கு நம் பகுதியிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் உர ஆலை 1906ஆம் ஆண்டு ராணிப்பேட்டையில் தொடங்கப்பட்டது. பாறைப் பாஸ்பேட் தூளோடு கந்தக அமிலத்தைச் சேர்த்தால் கால்சியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கிடைக்கிறது. அது நீரில் கரையும் பொருள். கரைவதால்தான் பயிரின் வேருக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் உற்பத்தியின்போது அமிலத்தோடு வரும் குறைந்த அளவு நீர் படிகங்களுக்குள் கட்டுண்டும் சூட்டில் ஆவியாகியும் போய்விடுவதால், களிபோல் இருந்த கலவை இறுகிக் கட்டியாகிறது. அந்தச் சமன்பாட்டில் விளைபொருளுக்குத் திண்மம் என்று எழுத வேண்டும். வயலில் மழை பெய்த பிறகு அதே பொருளுக்கு நீர்க்கரைசல் என்று எழுதலாம்.

எல்லைக்கோட்டில் நிற்கும் இன்னொரு பொருள் காரீய குளோரைடு. குளிர்ந்த நீரில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராமும், கொதிநீரில் 3 கிராமுக்கு மேலும் கரையும். உப்புப் பகுப்பாய்வில் வெள்ளை வீழ்படிவைக் கொதிநீரில் போட்டதும் அது மறைந்தால், அடைப்புக்குறியும் திண்மத்திலிருந்து நீர்க்கரைசலாக மாற வேண்டும். ஆய்வகம் வெப்பமாக இருக்கும் நாளில், கரைசலும் நீர்த்ததாக இருந்தால், காரீயம் குளோரைடாக வீழ்படியும் முதல் தொகுதியில் சிக்காமல் நழுவி இரண்டாம் தொகுதியில் கறுப்பு சல்பைடாகப் போய் நிற்பதற்கும் இந்தக் கரைதிறனே காரணம். வெள்ளி குளோரைடிடம் இந்த நழுவலை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு லிட்டரில் அது கரைவது இரண்டு மில்லிகிராம் அளவுக்குத்தான்.

அறிகுறி: புகை வந்ததால் "வாயு" என்று எழுதப்பட்டிருக்கிறது

கண்ணுக்குத் தெரியும் வெண்புகை பெரும்பாலும் வாயுவாக இருப்பதில்லை. அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு ஆகிய இரண்டும் நிறமற்ற வாயுக்கள். அவை சந்திக்கும் இடத்தில் எழும் அடர்ந்த வெண்புகை அம்மோனியம் குளோரைடின் நுண்ணிய திண்மத் துகள்கள். அமிலப் புட்டியையும் அம்மோனியாப் புட்டியையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கும் ஆய்வகங்களில், கண்ணாடிக் கதவின் உட்புறத்தில் மாவு பூசியதுபோல் ஒரு படலம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விரலால் வழித்தெடுக்க முடிகிற ஒன்றை வாயு என்று எழுதுவது எப்படி?

மக்னீசியம் நாடா எரியும்போது வரும் வெண்புகையும், பாஸ்பரஸ் எரியும்போது வரும் வெண்புகையும் இப்படியே திண்ம ஆக்சைடுகள். குடியாத்தத்துத் தீப்பெட்டி ஒன்றை எடுத்து உரசினால், பெட்டியின் பக்கவாட்டிலுள்ள சிவப்புப் பாஸ்பரஸும் குச்சி முனையிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வினைப்பட்டு, மூக்கைக் கரிக்கும் கந்தக டை ஆக்சைடும் கண்ணுக்குத் தெரியும் புகையும் சேர்ந்தே எழும். கரிக்கும் வாசனைக்குக் காரணமானது வாயு; தெரியும் புகையில் இருப்பவை நுண்துகள்கள். கெட்டிலின் மூக்கிலிருந்து வரும் வெண்மையும் இதே கதைதான்: மூக்கை ஒட்டி ஒன்றும் தெரியாத இடைவெளியில் இருப்பது வாயுநிலை நீர், அதற்கு அப்பால் வெண்மையாகத் தெரிவது குளிர்ந்து திரண்ட நீர்மத் துளிகள்.

அறிகுறி: நீருக்குள் பிறந்த வாயுவுக்கு எதை எழுதுவது என்ற குழப்பம்

கார்பனேட்டோடு அமிலம் சேரும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வெளியேறுவதால் அது வாயு. ஒரு பகுதி கரைந்தே நிற்கும் என்றாலும், வினையை முன்னோக்கி இழுப்பது வெளியேறும் பகுதிதான். மூடி இறுக்கிய கோலி சோடாவுக்குள் இருப்பதை எழுதச் சொன்னால் மட்டும் நீர்க்கரைசல் என்று எழுதலாம்.

அம்மோனியாவில் கவனம் தேவை. ஒரு பங்கு நீர் தன் கன அளவைப்போல் ஏறத்தாழ 700 மடங்கு அம்மோனியா வாயுவை விழுங்கிவிடும். அம்மோனியம் உப்புக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிக் குளிர்ந்த நிலையிலேயே விட்டால் அம்மோனியாவில் பெரும்பகுதி நீர்க்கரைசலாகவே தங்கும். "சூடுபடுத்துக" என்ற சொல் வினாவில் வந்த பிறகே அதை வாயு என்று எழுத வேண்டும். சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாயின் வாயருகே பிடிப்பதும் அதன் பிறகுதான்.

ஹைட்ரஜன் சல்பைடைப் பற்றிச் சற்றே விலகிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலோடு தொடர்புள்ள குடும்பங்களிலிருந்து என்னிடம் பல பிள்ளைகள் வருகிறார்கள். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடைச் சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர் காரத்தன்மையோடு இருக்கும்வரை சல்பைடு கரைசலிலேயே அடங்கியிருக்கும். பிறகு வரும் பிக்கிள் என்னும் படிநிலையில் உப்பும் அமிலமும் பயன்படுகின்றன. இவ்விரண்டு கழிவுநீரும் ஒரே தொட்டியில் கலந்தால் என்ன நடக்கும் என்பதை நான்கு அடைப்புக்குறிகள் சொல்லிவிடும்:

சோடியம் சல்பைடு (நீர்க்கரைசல்) + கந்தக அமிலம் (நீர்க்கரைசல்) → சோடியம் சல்பேட் (நீர்க்கரைசல்) + ஹைட்ரஜன் சல்பைடு (வாயு)

இடப்புறத்தில் வாயு எதுவும் இல்லை, வலப்புறத்தில் இருக்கிறது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டிக்குள்ளேயே தங்கும். அழுகிய முட்டை நாற்றம் செறிவு கூடும்போது தெரியாமல் போய்விடும், ஏனெனில் மோப்ப உணர்வையே அது மரக்கச் செய்துவிடுகிறது. கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் மயங்கி விழுவதும், தூக்கப் போனவர்களும் உடன் விழுவதும் இதனால்தான். நாற்றம் இல்லை என்பதை வைத்து எந்தத் தொட்டிக்குள்ளும் யாரையும் இறங்க விடக்கூடாது. இந்தச் சமன்பாட்டில் கடைசி அடைப்புக்குறியைக் காலியாக விட்டுவரும் பிள்ளையிடம் நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிடுகிறேன்.

அறிகுறி: வெப்பச் சிதைவில் நீரின் நிலை மாறிப்போகிறது

ஒரே மாதிரி தோன்றும் இரண்டு வினைகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. உலர்ந்த சமையல் சோடாவை (சோடியம் பைகார்பனேட்) சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினால் சோடியம் கார்பனேட் திண்மமாகவும், கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும், நீரும் வாயுவாகவும் கிடைக்கும். குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் துளிகள் படிவது பின்னால் நடப்பது. எங்கள் தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் வினையும் ஒரு பைகார்பனேட்டின் சிதைவுதான்:

கால்சியம் பைகார்பனேட் (நீர்க்கரைசல்) → கால்சியம் கார்பனேட் (திண்மம்) + நீர் (நீர்மம்) + கார்பன் டை ஆக்சைடு (வாயு)

இங்கே வினை நடப்பதே நீருக்குள் என்பதால், புதிதாக உண்டான நீரும் அந்த நீரோடு நீராகக் கலந்துவிடுகிறது. கால்சியம் பைகார்பனேட்டுக்குத் திண்மம் என்று எழுதுவதும் அடிக்கடி காணும் பிழை. அது கரைசலில் மட்டுமே இருக்கும்; உலர்த்தித் தூளாக எடுக்க முயன்றால் கையில் வருவது கார்பனேட்தான்.

படிக நீருக்குத் தனியாக நிலை எழுத வேண்டாம். ஐந்து நீர் மூலக்கூறுகளோடு கூடிய காப்பர் சல்பேட் முழுவதும் சேர்ந்து ஒரே திண்மம். சூடாக்கி வெளியேற்றும்போதுதான் அந்த நீருக்குத் தன் பெயரும் வாயு என்ற குறியும் கிடைக்கின்றன.

அறிகுறி: சமன்பாடு சரி, என்தால்பி (வினை வெப்பம்) விடை மட்டும் ஒத்துவரவில்லை

பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் கூட்டல் கழித்தலில் பிழை தேடி ஒரு மணி நேரம் வீணாக்குவது இங்கேதான். விடைகளுக்கு இடையிலான வேறுபாட்டை முதலில் பாருங்கள். அது 44 கிலோஜூலாகவோ அதன் மடங்காகவோ இருந்தால் குற்றவாளி நீரின் நிலைக்குறி. 25 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் நீர் ஆவியாக ஏறத்தாழ 44 கிலோஜூல் தேவை. மீத்தேன் எரியும்போது விளையும் நீரை நீர்மமாக எழுதினால் மோலுக்கு 890 கிலோஜூலும், வாயுவாக எழுதினால் 802 கிலோஜூலும் வெளிப்படும். இரண்டு மோல் நீர் என்பதால் வேறுபாடு 88. வினாவில் "திட்ட நிலை, 298 கெல்வின்" என்று இருந்தால் நீர்மம் என்றும், சுடரைப் பற்றியோ இயந்திரத்தின் உட்புறத்தைப் பற்றியோ பேசினால் வாயு என்றும் கொள்க.

வேறுபாடு ஏறத்தாழ 5 கிலோஜூல் மட்டுமே என்றால், என்தால்பிக்கும் அக ஆற்றலுக்கும் இடையே உள்ள வாயு மோல்களின் கணக்கைப் பாருங்கள். நீர் நீர்மமாக இருந்தால் மீத்தேன் எரிதலில் வாயு மோல்கள் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைகின்றன. வாயுவாக இருந்தால் மூன்று மூன்றாகவே நிற்கிறது, திருத்தமே தேவையில்லை.

சமநிலை மாறிலியில் வரும் பிழையும் இதே குடும்பம். சுண்ணாம்புக்கல் மூடிய கலனில் சிதையும் சமநிலையில் கார்பனேட்டும் ஆக்சைடும் திண்மங்கள் என்பதால் கோவையில் இடம்பெறா. கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் மட்டுமே நிற்கும். திண்மம் என்று எழுத மறந்தவர் மூன்றையும் கோவைக்குள் கொண்டுவந்துவிடுவார்.

அறிகுறி: உப்பு உருகிய நிலையில் இருக்கிறதா, கரைசலா என்பது தெரியவில்லை

மின்னாற்பகுப்பு வினாக்களில் இது நேரும். சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில் உருகும். "உருகிய" என்று இருந்தால் நீர்மம், எதிர்மின்வாயில் கிடைப்பது சோடியம் உலோகம். "கரைசல்" என்று இருந்தால் நீர்க்கரைசல், அங்கே கிடைப்பது ஹைட்ரஜன். நிலைக்குறியைத் தவறவிட்டால் விளைபொருளே மாறிவிடும்.

அறிகுறி: "அறை வெப்பநிலை" என்பதை நம்பி எழுதியது தவறாகிறது

புத்தகத்தின் அறை 25 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. மே மாதத்து வேலூரின் அறை 40க்கு அருகில் இருக்கிறது. இந்த இடைவெளியில் சில பொருள்கள் நிலை மாறிவிடுகின்றன. காலியம் 29.8 டிகிரியில் உருகுவதால், புத்தகத்தில் திண்மம், நம் மேசையில் நீர்மம். டை எத்தில் ஈதர் 34.6 டிகிரியில் கொதிப்பதால், நண்பகலில் அதன் மூடியைத் திறப்பவர் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. உறை அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியில் உறையும் என்பதைப் படித்திருந்தும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலொழிய நம் ஊர்ப் பிள்ளைகள் அது உறைந்து பார்த்திருக்க மாட்டார்கள். வினாவில் வெப்பநிலை குறிப்பிடப்படவில்லை என்றால் 25 டிகிரி என்றே கொண்டு எழுதுங்கள். தேர்வாளர் வேலூர் வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்.

அறிகுறி: வீழ்படிவு ஒன்று என்று எழுதினோம், அடியில் இரண்டு தங்கியிருக்கிறது

இரட்டைச் சிதைவில் இரண்டு விளைபொருள்கள் உண்டு. ஒன்று திண்மம் என்று தெரிந்தவுடன் மற்றொன்று நீர்க்கரைசல்தான் என்று முடிவுகட்டுவது இந்தப் பிழைக்குக் காரணம். தோல் பதனிட்ட பின் எஞ்சும் பச்சை நிறக் குரோமிய சல்பேட் கரைசலிலிருந்து குரோமியத்தை மீட்பதை எடுத்துக்கொள்வோம். நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் குரோமிய ஹைட்ராக்சைடு திண்மமாக இறங்கும். கூடவே உண்டாகும் கால்சியம் சல்பேட்டும் லிட்டருக்கு இரண்டு கிராம் அளவுக்கு மேல் கரையாததால், மிகுதி திண்மமாகவே இறங்கிவிடும். சேறு பெருகும், குரோமியம் அதற்குள் மாட்டிக்கொள்ளும். சுண்ணாம்புக்குப் பதில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்தால்:

குரோமிய சல்பேட் (நீர்க்கரைசல்) + மக்னீசியம் ஆக்சைடு (திண்மம்) + நீர் (நீர்மம்) → குரோமிய ஹைட்ராக்சைடு (திண்மம்) + மக்னீசியம் சல்பேட் (நீர்க்கரைசல்)

எண்கெழுக்களைச் சேர்த்துச் சமன் செய்வதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். மக்னீசியம் சல்பேட் நன்றாகக் கரைவதால் தெளிநீரோடு போய்விடும். அடியில் தங்குவது குரோமிய ஹைட்ராக்சைடுதான். குரோம் மீட்பு அமைப்புகளில் விலை கூடுதலான மக்னீசியம் ஆக்சைடைத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பச்சை வண்டலை வடித்தெடுத்து அதன் மேல் கந்தக அமிலத்தை ஊற்றினால், திண்மம் மறுபடி நீர்க்கரைசலாகி, அடுத்த சுற்றுத் தோலுக்காகப் பதனிடும் டிரம்முக்குள் திரும்பிப் போகும்.